முப்பத்தைந்து பெருக்கல் ஒன்று

பி.பி. என்றால்
என் வேலையிடத்தில் ரத்தக் கொதிப்பு.
சம்பங்கி கடையில்
மிதியச்சு உட்கார்ந்து சுழலும் கிண்ணம்.
ஏறினால் இரண்டையும் இறக்குவது கஷ்டம் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
நான்காவது சாயங்காலம் அது.
ஸ்பேனர் பிடியில் இரண்டடிக் குழாயைச் சொருகி
கடிகாரம் சுற்றும் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.
வலது கிண்ணத்துக்கு எதிர் மரை,
உள்ளூர் வண்டி அத்தனைக்கும் அப்படித்தான்.
"இன்னா மேடம் இது, கல்லு மாரி கீது."

பாண்டிச்சேரி ஏலக்கடையில்
கால் உடைந்த நாற்காலியோடு சேர்த்துத் தந்தார்கள்.
நாற்காலியை அங்கேயே விட்டேன்.
ஈரல் நிறச் சட்டம். பெயர் ஒட்டியிருந்த இடத்தில்
கோந்தின் நிழல் மட்டும்.
ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன்,
அந்த ஒரு கைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.
விழுப்புரம் பாசஞ்சரில்
வேலூர் கன்டோன்மென்ட் வரை
அதுவும் நானும் நின்றே வந்தோம்.

ஐந்தாம் நாள் டிக் என்று ஒரு சத்தம்.
கிண்ணமா, சட்டமா?
சம்பங்கி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு
டீ சொல்லப் போனான்.

ராத்திரி எட்டரை.
காந்தி நகர் ஸ்கேன் சென்டரில் கடைசிக் கிழவர்
தன் இடுப்பை உறையில் வாங்கிக்கொண்டு போனபின்
சட்டத்தை மேசையில் கிடத்தினேன்.
முனிரத்தினம் கதவைச் சாத்தி
"மூச்ச இழுத்துப் புடி, எப்சிபா அக்கா சொல்றவரைக்கும்"
என்றான் அதனிடம்.

விரிசல் இல்லை.
இருந்தது வேறொன்று.
குழாயின் இரு நுனியும் தடித்து
நடுவில் சன்னமாகிக்கொண்டே போகிறது சுவர்,
வெளியே தடவினால் விரலுக்குத் தெரியாது.
தொடை எலும்பு இதற்கு நேர்மாறு,
நடுவில் கெட்டி, நுனியில் நுரை.
பதினெட்டு வருஷமாக எலும்பு பார்க்கிறேன்,
அதைத் திருப்பிப் போட்டு யோசித்த ஒருவனை
அன்றுதான் பார்த்தேன்.
லக்கின் கூர்நுனிக்குள் பித்தளை
ஓரிடத்தில் ஓடாமல் நின்றிருக்கிறது,
அரிசியளவு வெற்றிடம்.
அன்றைக்கு அவனுக்கு அவசரம் போல.
முழங்கால் மடக்கும் அளவியை வைத்தேன்,
தலைக்குழாய் எழுபத்திரண்டு டிகிரி.
யாருடைய முழங்காலும் இவ்வளவு நேர்மையாக நின்றதில்லை.

படத்தை உறையில் போடும்போதுதான் கவனித்தேன்,
ஈய எழுத்து வைக்க மறந்திருக்கிறேன்.
எது வலம் எது இடம் என்று படத்தில் இல்லை.
எங்கள் தொழிலில் அது சின்னத் தப்பு அல்ல,
நல்ல காலில் கத்தி வைத்துவிடுவார்கள்.
திருப்பிப் பிடித்தேன். மறுபடி திருப்பினேன்.
வலது மரை எதிர் மரை என்று
எங்களுக்கு யார் சொன்னது?

மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ்.
அழுக்குக்கு அடியில், கிண்ணத்தின் முகத்தில்
முப்பத்தைந்து பெருக்கல் ஒன்று.
பிரெஞ்சு அளவு.
அங்கே இரண்டு பக்கமும் ஒரே மரை.
ஓட ஓடக் கழன்றுவிடும் என்று பயந்த ஊர்கள்
எதிர் மரை போட்டன.
இவன் இறுக்கத்தை நம்பியிருக்கிறான்.
நாலு நாளாக நாங்கள்
அவனுக்கு உதவி செய்திருக்கிறோம்.

இடப்பக்கம் திருப்பினான் சம்பங்கி.
மாடு எழுந்திருப்பது போல ஒரு முனகல்,
பிறகு விரலாலேயே சுற்றியது.
பதினோரு குண்டில் பத்துதான் இருந்தது.
கிரீஸ் வேப்பம் பிண்ணாக்கு.
"சொல்லியிருக்கலாமில்ல" என்றான்,
என்னிடமா கிண்ணத்திடமா, தெரியவில்லை.
கூலி வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டான்.

சீட்டைக் கடைசிவரை இறக்கியும்
நின்றால் என் கால் தரைக்கு எட்டாது.
அதனால் நிற்பதில்லை.
விடியற்காலை பாலாற்றுப் பாலம்.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
ஒரு முழத் தண்ணீர்.
கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில், சொடுக்கே கிடையாது,
காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
இரண்டு பல்லுக்கு நடுவே செயின் முணுமுணுக்கிறது.
பின்னால் திருவலம் பஸ் ஹாரன்.
கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து
மயிரிழை தள்ளுகிறேன்.

இல்லை.
இன்னும் கொஞ்சம்.